மூன்றாம் வரியின் கடைசிச் சுரம்

மகன்,

உன் கலியாணம் நெருங்கிவிட்டது. மண்டபத்தில் கேக் வெட்டிய பிறகு நீயும் நானும் இரண்டு கிற்றார்களோடு இருந்து அம்மாவின் மாதா பாட்டை வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நான் கோர்ட் போட, நீ அதன் மேல் உன் மனம் போன போக்கில் வாசிப்பதாகத் திட்டம். கூடவே ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தாய். மூன்றாம் வரியின் கடைசியில் நான் வழக்கமாகப் போடுகிற அந்தக் கோர்ட்டுக்கு எந்த ஸ்கேல் பொருந்தும் என்று. இரண்டுக்கும் நான் பதில் சொல்லவில்லை. நீ போனில் கேட்டபோதெல்லாம் வேலைக்கொட்டிலில் எஞ்சின் சத்தம், ஒன்றும் கேட்கவில்லை என்றேன். நன்றாகக் கேட்டது.

பதிலை இப்போது பத்திரிகையில் எழுதுகிறேன். போனில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ என்னைப் பற்றியும் உன் அம்மாவைப் பற்றியும் நாலு பேர் பார்க்கிற இடத்தில் பேசினாய். ஆகவே பதிலும் நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் வரும். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. மன்னார்த் தீவில் படகு எஞ்சின் திருத்துகிறவன், கோயிலில் கிற்றார் வாசித்தவன், மகன் ஒஸ்லோவில் ஜாஸ் வாசிக்கிறான் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

நீ கொடுத்த பேட்டியை நான் தேடிப் பார்க்கவில்லை. முள்ளிக்குளத்திலிருந்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவன் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். என் கையெல்லாம் கிறீஸ்.

"அண்ணை, இது உங்கட மகனெல்லோ?"

"ஓம்."

"உங்களைப் பற்றித்தான் கதைக்கிறார் போல கிடக்கு."

"என்னவாம்?"

"இங்கிலீசு, அண்ணை. எனக்கு விளங்கேல்லை. ஆனா ஆக்கள் சிரிக்கினம்."

எனக்கு விளங்கியது. என் இங்கிலீசு நீ நினைப்பதைவிடக் கொஞ்சம் கூட. என் அப்பாவுக்குத் தியரி தெரியாது, ஸ்கேல்களுக்குப் பூசை உடுப்பின் நிறங்களால் பெயர் வைத்திருந்தார் என்றாய். அப்போதுதான் சனம் சிரித்தது. அதற்குப் பிறகு, என் அம்மா சுருதி சேராமல் பாடுவா, அந்தச் சேராத சுரத்தில்தான் நான் முதல்முதல் ஜாஸைக் கேட்டேன் என்றாய். அதற்குச் சனம் சிரிக்கவில்லை, கைதட்டியது. நீ அதை அன்போடு சொன்னாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்போடு சொன்னாலும் பிழை பிழைதான். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் அது கோர்ட். அந்தக் கோர்ட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதன் மேல் எந்தெந்தச் சுரங்களில் நடக்கலாம் என்று காட்டுகிற வரிசை ஸ்கேல். ஜாஸ் வாசிக்கிறவன் எழுதிவைத்ததை வாசிப்பதில்லை. அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிக்கிறான். ஆகவே எந்தக் கோர்ட்டுக்கு எந்த ஸ்கேல் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ அதைக் கல்லூரியில் படித்தாய். நான் நீர்கொழும்பில், ஒரு ஹோட்டலின் படகுகளுக்கு எஞ்சின் திருத்தப் போன இடத்தில் படித்தேன். எனக்கு அப்போது உன்னுடைய இப்போதைய வயதுகூட இல்லை. பின்னேரங்களில் ஹோட்டல் முற்றத்தில் இசைக்குழு வாசிக்கும். ஒரு நாள் கிற்றார்க்காரன் வரவில்லை. கோயிலில் வாசிக்கிறேன் என்று நான் வாய்விட்டுவிட்டேன், அவர்கள் என்னைக் கூப்பிட்டு இருத்திவிட்டார்கள்.

முதல் பாட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். என் கிற்றார் பியானோவோடு சேரவில்லை. ஆறு கம்பியும் தங்களுக்குள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் முழுக்கிற்றாரும் பியானோவுக்குக் கீழே கிடந்தது. நான் எங்கள் கோயில் ஆர்மோனியத்துக்குத்தான் எப்போதும் கம்பி கூட்டுகிறவன். அந்தச் சுருதி என் காதிலேயே இருந்தது, அதை வைத்துத்தான் அன்றைக்கும் கூட்டினேன். ஆர்மோனியத்துக்குள்ளே காற்றில் அதிருகிற பித்தளை நாக்குகள் இருக்கின்றன. எங்கள் கோயில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று உப்பைக் கொண்டுவந்து யன்னலால் கொட்டும். நாக்குகளில் களிம்பு ஏறி, பாரம் கூடி, சுரம் இறங்கும். எல்லாம் சேர்ந்து இறங்கியதால் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாடுகிற சனமும் கூடவே இறங்கிவிட்டது. பேஸ் வாசித்த பறங்கி மனிதர் என்னைப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "உன்ர ஊரே இறங்கிக் கிடக்குது தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு பியானோவுக்குக் கூட்டினேன், அவர்களோடு இரண்டு கச்சான் காலம் வாசித்தேன்.

அங்கே யாரும் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. நேரமுமில்லை, பொதுவான பாஷையுமில்லை. ஒரு கோர்ட் வரும், அதற்கு மேல் எதை வாசித்தால் முகம் சுளிக்கிறார்கள், எதை வாசித்தால் சுளிக்கவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தேன். பிடித்ததை மறக்காமல் இருக்கப் பெயர் வேண்டும். எனக்குத் தெரிந்த பெயர்களை வைத்தேன். மேஜர் கோர்ட்டுக்கு வெள்ளை. அது கிறிஸ்மசுக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் பூசை வைக்கிற சுவாமி, அதாவது பாதிரியார், உடுக்கிறது, அதில் மறைவு ஒன்றுமில்லை. மைனர் செவனுக்கு ஊதா. அது தவக்காலம். துக்கம்தான், ஆனால் அந்த ஸ்கேலில் ஆறாவது சுரம் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். முடிவில் உயிர்ப்பு வரும் என்று தெரிந்த துக்கம் அது. ஏழாவது சுரம் தணிந்த மேஜருக்குப் பச்சை. வருடத்தில் பெரும்பாலான ஞாயிறுகளுக்குப் பச்சைதான், இந்தச் சங்கீதத்திலும் அந்தக் கோர்ட்தான் அதிகம். அதே கோர்ட்டைக் கசக்கி, கூர்மையாக்கி, வீட்டுக்கு, அதாவது பாட்டின் ஆதாரச் சுரத்துக்கு, திரும்பு என்று நெருக்குகிற இடத்துக்குச் சிவப்பு. பெரிய வெள்ளிக்கும் வேதசாட்சிகளுக்கும் உடுக்கிறது. நீ இவற்றை டோரியன், மிக்ஸோலிடியன், ஆல்டர்ட் என்கிறாய். சரி. கிரேக்கர்களின் ஊர்ப் பெயர்களைச் சொன்னால் தியரி, சுவாமியின் உடுப்பைச் சொன்னால் பகிடி. இதில் எது கூட அறிவு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உன் வாசிப்பைப் பற்றியது. நீ ஒவ்வொரு கோர்ட் மாறும்போதும் ஸ்கேலை மாற்றுகிறாய். வேகமாக மாற்றுகிறாய், பிழையில்லாமல் மாற்றுகிறாய். ஆனால் ஒரு பூசைக்குள் சுவாமி நாலு தரம் உடுப்பு மாற்றுவதில்லை. டி மைனர் செவனிலிருந்து ஜீ செவனுக்குப் போகிறாய் என்று வை. ஸ்கேல் மாறுகிறது என்று புத்தகம் சொல்லும். உண்மையில் அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சீ என்ற ஒரு சுரம் அரைப்படி இறங்கி பீ ஆகிறது. அந்த ஒன்றைப் பிடித்தால் போதும், கேட்கிறவனுக்குக் கோர்ட் மாறியது தெரிந்துவிடும். மற்றச் சுரங்கள் இருந்த இடத்தில் இருக்கலாம். நீ எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, எது நகர்ந்தது என்று யாருக்கும் தெரியாமல் பண்ணுகிறாய். இதை நான் உனக்கு முன்பும் சொல்லியிருக்கிறேன். நீ தலையாட்டினாய். உனக்கு நான் கற்றுத் தந்தேன் என்று எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ நான் இல்லாத நேரத்தில் என் கிற்றாரை எடுத்தாய், பிறகு கொம்பியூட்டரில் படித்தாய், பிறகு போய்விட்டாய்.

இனி அம்மாவுக்கு வருகிறேன்.

அம்மா பாடகர் குழாமில் ஒருநாளும் இருந்ததில்லை. பெண்கள் பக்கத்தில், தூணடியில் நின்று பாடுவாள். குழாமைவிடச் சத்தமாகப் பாடுவாள். மாதா பாட்டு ஆறு கட்டை மைனரில் இருக்கிறது, நீ ஏ மைனர் என்பாய். மூன்றாம் வரியின் முடிவில் ஒரு சுரத்தில் நாலு எண்ணிக்கைக்கு நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பாட்டு வீட்டுக்குத் திரும்பும். அந்தச் சுரம் ஐந்தரைக் கட்டை, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கிற கறுப்புக் கட்டை. அம்மா ஐந்தரையில் நிற்கமாட்டாள். கொஞ்சம் இறங்கி நிற்பாள். ஐந்துக்கும் போகமாட்டாள். இரண்டுக்கும் நடுவில், ஆடாமல் அசையாமல் நிற்பாள். நாங்கள் சண்டைக்கு இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கோயிலில் ஆர்மோனியம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் கீபோர்ட் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது. குழாமை நடத்திய மாஸ்டர் ஒரு நாள் பூசை முடிய என்னிடம் வந்தார்.

"உங்கட மனிசியைக் கொஞ்சம் மெல்லமாப் பாடச் சொல்லுங்கோ. அந்த இடத்தில இறங்கிப் போறா."

"கீபோர்ட்டைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கோ, மாஸ்டர்."

"பகிடி விடாதேங்கோ. பிள்ளையள் குழம்புதுகள்."

"நான் பகிடி விடேல்லை."

நான் பகிடி விடவில்லை என்பது உனக்கு இன்றைக்குத்தான் தெரியப்போகிறது, ஏனென்றால் இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லவேண்டி வரும் என்று நினைக்கவில்லை. பழைய ஆர்மோனியத்தை இரண்டு தரம் கழற்றித் துடைத்தவன் நான். எல்லா நாக்குகளும் இறங்கியிருந்தன என்று சொன்னேன். ஆனால் ஐந்தரைக் கட்டை நாக்கு மற்றவற்றைவிட இன்னும் கால் படி இறங்கியிருந்தது. யன்னல் பக்கத்து நாக்கு அது, உப்பு நேரே அதில்தான் படும். சுரண்டிச் சரிசெய்யலாம் என்றேன். அப்போதிருந்த சுவாமி, உடைந்துபோகும், விடு என்றார். விட்டேன். அந்த ஆர்மோனியத்தோடு பாடி வளர்ந்த பெண்கள் எல்லோரும் அந்த வரியில் அந்த நாக்கின் சுரத்தில்தான் நின்றார்கள். நாற்பது குரலும் ஒரே இடத்தில் நின்றால் அது பிழையாகக் கேட்காது. பிறகு சிலர் செத்தார்கள், சிலர் இந்தியாவுக்குப் படகேறித் திரும்பி வரவில்லை, இருந்தவர்கள் கீபோர்ட்டுக்கு மெல்ல மெல்ல ஏறிப் போனார்கள். அம்மா ஏறவில்லை. அவள் சுருதி சேராமல் பாடவில்லை, மகன். அவள் சேர்ந்துதான் பாடினாள். எதோடு சேர்ந்து பாடினாளோ அது இல்லாமல் போய்விட்டது. நீ ஒஸ்லோவில் மைக்குக்கு முன்னால் இருந்து சொன்னதற்கு இதுதான் என் பதில். இதை நீ அதே இடத்தில் திருத்திச் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

அந்தச் சுரத்துக்குக் கீழே போட எனக்கு ஒரு கோர்ட் வேண்டியிருந்தது. புத்தகப்படி அந்த இடத்தில் மூன்று கட்டைக் கோர்ட், நீ ஈ செவன் என்பாய். அதற்குள் ஐந்தரை இருக்கிறது. அது ஒலிக்க அம்மாவின் சுரம் கீழே கிடந்து உரசும். மைனராக்கினால் ஐந்து வரும், அது அவளை இழுத்துக் கீழே விடும். இரண்டும் அவளைப் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஹோட்டலில் ஒரு கோர்ட் கேட்டிருந்தேன், அதற்குள் இரண்டும் இருக்கும். ஐந்தரை உள்ளே, ஐந்து மேலே. ஈ செவன் ஷார்ப் நைன். கரடுமுரடான கோர்ட், மாதா பாட்டுக்கு ஒருவரும் போடமாட்டார்கள். ஒரு நவநாள் பூசையில் கீபோர்ட் வாசித்தவரிடம் அந்த நாலு எண்ணிக்கைக்கு மட்டும் கையை எடுங்கோ என்று சொல்லிவிட்டு, நான் அந்தக் கோர்ட்டை மெல்லமாகப் போட்டேன். மேலே ஐந்து, உள்ளே ஐந்தரை, நடுவில் அவள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தந்துகொண்டு அம்மா கேட்டாள்.

"இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

"எங்கை?"

"பாட்டில. அந்த மூண்டாம் வரியில. நான் அதில எப்பவும் நிண்டுகொண்டெல்லோ இருப்பன். இண்டைக்கு ஆரோ கதிரை போட்டமாதிரிக் கிடந்தது."

அவளுக்குக் கோர்ட்டும் தெரியாது, ஸ்கேலும் தெரியாது. அதற்குப் பிறகு அவள் இருக்கும்வரை நான் அந்த இடத்தில் வேறு கோர்ட் போட்டதில்லை. கலியாணம் கட்டப் போகிற உனக்கு நான் சொல்ல இருக்கிற புத்தி இது ஒன்றுதான். அவள் எந்தச் சுரத்தில் நிற்கிறாள் என்று முதலில் கேள், பிறகு அதற்குக் கீழே கோர்ட்டைத் தேடு. கோர்ட்டை முதலில் போட்டுவிட்டு அவளை அதற்குள் வா என்று கூப்பிடாதே. மற்றப் புத்திமதிகளை மண்டபத்தில் மாமன்மார் சொல்லுவார்கள்.

அம்மாவின் அடக்கத்துக்கு நீ வந்தாய். விமானத்தில் வந்து, வாடகை வான் பிடித்து வந்து, சவப்பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாய். முகம் கழுவக்கூட நேரமில்லை. பாடகர் குழாமுக்குப் பக்கத்தில் நான் கிற்றாரோடு இருந்தேன். நீ வந்து குனிந்து என் காதில் சொன்னது நினைவிருக்கும்.

"அப்பா, அந்த இடத்தில ஈ செவன் மட்டும் போடுங்கோ. மற்றது இண்டைக்குப் பிழை மாதிரிக் கேக்கும்."

"கேட்டா என்ன?"

"சனம் நிக்குது, அப்பா."

"அவளும் கிடக்கிறாள்."

நீ கிற்றாருக்குக் கையை நீட்டினாய். நான் கிற்றாரைத் தந்துவிட்டுப் பின்வரிசை வாங்கில் போய் இருந்தேன். நீ வாசித்தாய். மூன்றாம் வரியில் ஈ செவன் போட்டாய், சுத்தமாக, ஐந்தரைக் கட்டையோடு. அந்த இடத்தில் குழாம் முழுவதும் ஐந்தரையில் நின்றது. கோயில் முழுக்க அழுதது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பீடத்து மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு திரி சரிந்து ஒரு பக்கமாக உருகிக்கொண்டிருந்தது, யாராவது நிமிர்த்திவிட்டால் நல்லது என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. சவக்காலையில் மண் போட்டபோதும் அப்படித்தான். மண் ஈரமாக இருந்தது, கையில் ஒட்டியது, உடுத்திருந்த சாரத்தில் துடைத்தேன்.

அதற்குப் பிறகு அப்படியே இருக்கிறது. இதை உனக்குக் கவலை தர எழுதவில்லை, எனக்கும் கவலையாக இல்லை. காலையில் எழும்புகிறேன். பேக்கரியில் பாண் வாங்குகிறேன். எஞ்சின் வந்தால் கழற்றுகிறேன், பூட்டுகிறேன். காபரேட்டர் அடைத்திருந்தால் ஊதிவிடுகிறேன். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அம்மாவின் தங்கச்சி, உன் சித்தி, சொன்ன பிறகு தெரிகிறது. கிற்றாரை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். வருடம் முடியும்வரை துக்கம் காக்கிறார் என்று ஊர் சொல்கிறது. நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன், அது சுகம். உண்மையில் துக்கம் காக்கவில்லை. எடுத்து வாசித்தாலும் ஒன்றுதான், வாசிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று இருந்தது. ஊதா என்று நான் பெயர் வைத்த ஸ்கேலில் அந்த ஆறாவது சுரம் தூக்கிக்கொண்டு நிற்கும் என்றேனே, அது நிற்கவில்லை. ஸ்கேல் முழுவதும் தட்டையாகக் கிடக்கிறது. இதற்கு நிறமில்லை. உங்கள் கல்லூரியிலும் பெயர் இருக்காது.

இப்படி இருக்கையில் நீ ஒரு ஒலிப்பதிவு அனுப்பினாய். நீ தனியாக வாசித்த மாதா பாட்டு, கோர்ட் போடுவதற்கு எனக்கு இடம் விட்டு. வேலைக்கொட்டிலில் போனை எண்ணெய்ப் போத்தலுக்குச் சாய்த்துவைத்துக் கேட்டேன். நல்ல வாசிப்பு. முதல் இரண்டு வரியில் நீ கனக்கச் சுரங்களில் நடக்கவில்லை, அது நல்லது. மூன்றாம் வரியின் கடைசியில் ஓடினாய். சிவப்பு ஸ்கேலை மேலிருந்து கீழே வரைக்கும் உருட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சேர்ந்தாய். எல்லாச் சுரமும் பொருந்தியது. நான் போனை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். வாசிப்பதில்லை என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

பிறகு, நீ கட்டப் போகிறவள், என் மருமகள் வந்தாள். இதை அவள் உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். நானாட்டானிலிருந்து தனியாக பஸ் ஏறி, புது அரிசியைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தாள். அரிசியைக் குசினியில் வைத்துவிட்டு, கொட்டிலுக்கே வந்து, எண்ணெய் பட்ட கதிரையைத் துடைக்காமலே அதில் அமர்ந்தாள்.

"மாமா, நீங்கள் வாசிப்பீங்களோ மாட்டீங்களோ? ஒண்டைச் சொல்லுங்கோ. மண்டபக்காரர் எத்தனை மைக் எண்டு கேக்கினம்."

"அவன் அனுப்பினவனோ?"

"இல்லை. அவருக்கு உங்களிட்டக் கேக்கப் பயம். எனக்குப் பயமில்லை."

"ஏன் பயமில்லை?"

"என்ர அப்பாவும் உங்களை மாதிரித்தான். ட்ரக்டர் சேத்துக்க புதைஞ்சா வயலில பிழை எண்டுவார்."

நான் சிரிக்கவில்லை. ஆனால் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"அவர் அந்தப் பாட்டை ஒவ்வொரு நாளும் வாசிக்கிறார், மாமா. நான் போனில கேட்டுக்கொண்டு சமைப்பன். ஒரு இடம் வந்த உடன நிப்பாட்டிப்போடுவார். திரும்ப முதலிலயிருந்து. திரும்ப அதே இடத்தில நிப்பாட்டுவார்."

"எந்த இடம்?"

"மூண்டாம் வரி முடியிற இடம். எனக்கே பாடமாப் போச்சுது."

"எனக்கு அனுப்பினதில நிப்பாட்டேல்லையே. ஓடினவன்."

"அது உங்களுக்கு அனுப்ப எண்டு ஓடினது. எல்லா ஸ்கேலும் பொருந்துதாம். பொருந்தினா மட்டும் போதாதாம். அப்பாட்டத்தான் கேக்கவேணும் எண்டவர். நீங்கள்தான் எஞ்சின் சத்தம், கேக்கேல்லை எண்டுறியள்."

அன்றைக்குக் கொட்டிலில் ஒரு எஞ்சினும் ஓடவில்லை. அதையும் அவள் சுற்றிப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். உனக்கு நல்ல பெண் கிடைத்திருக்கிறாள். அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

நீ அந்த இடத்தில் நிறுத்துகிறாய் என்பது எனக்குத் தெரியாது. அடக்கத்தன்று நீ அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அதற்காக நீ அன்றைக்குச் செய்தது சரியாகிவிடாது. அது பிழை. சனம் அழுததால் அது சரியாகவில்லை. நான் சாகும்வரை அதைப் பிழை என்றுதான் சொல்வேன், நீ மண்டபத்தில் வந்து என் காலில் விழுந்தாலும் சொல்வேன். ஆனால் பிழைவிட்ட இடத்தில் ஒருவன் ஒவ்வொரு நாளும் வந்து நிற்கிறான் என்றால், அவனுக்கு வழி சொல்லலாம்.

நேற்று அலுமாரியைத் திறந்தேன். கம்பிகள் உப்பில் கறுத்திருந்தன. மாற்றிவிட்டேன், ஆகவே நீ அங்கிருந்து ஒன்றும் வாங்கிவர வேண்டாம். கம்பி கூட்டினேன். உனக்கு வசதியாக, பியானோவுக்குத்தான் கூட்டியிருக்கிறேன். அந்தக் கோர்ட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அழுகை வரும் என்று உன் சித்தி வாசலில் நின்று பார்த்தாள், பிறகு போய்விட்டாள். ஆனால் விரல்கள் தங்கள் இடத்துக்குப் போயின. ஒன்றும் தோன்றாமலும் அதைப் போடலாம் என்று தெரிந்தது. அது போதும். மருமகளிடம் இரண்டு மைக் என்று சொல்லிவிட்டேன்.

இனி உன் கேள்விக்குப் பதில். எந்த ஸ்கேல் என்று கேட்டாய். முதல் இரண்டு வரிக்கு ஊதா, நீ அதை நன்றாகவே வாசிக்கிறாய். மூன்றாம் வரியில் பச்சை வரும், அதில் ஓடாதே, நகர்கிற சுரத்தை மட்டும் பிடி. கடைசிக் கோர்ட்டை நான் போடுவேன், என் கோர்ட், ஈ செவன் ஷார்ப் நைன். மண்டபத்தில் சனம் பிழை என்று நினைத்தால் நினைக்கட்டும். அதற்கு மேல் சிவப்பு பொருந்தும். எஃப் மெலடிக் மைனர் என்று நீ சொல்வாய், இரண்டும் ஒன்றுதான். கம்பியை வளைத்து ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் அவள் நின்ற இடத்திலேயே நிறுத்தவும் உனக்குத் தெரியும், உன் விரலுக்கு அது பெரிய வேலையில்லை. வளைக்காதே. அந்த இடத்துக்கு ஸ்கேல் இல்லை. நாலு எண்ணிக்கைக்குக் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடு, என்னைப் பார்க்கவும் வேண்டாம், எண்ணிக்கொண்டிரு. பிறகு நாலாம் வரிக்கு வா.

நான் அம்மாவுக்குக் கதிரையைப் போடுவேன். நீ அதில் இருக்காதே.

அப்பா